அங்கி அணியாதவர்களின் அருட்பணி

கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752-இல் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவாகவோ துறவியாகவோ இல்லாத ஓர் இந்தியருக்கு அந்தத் தகுதி வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. தொடர்ந்து 2025-இல், இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலர் என்ற சிறப்பையும் வத்திக்கான் அவருக்கு உறுதிசெய்தது. மாவட்டம் முழுவதும் மகிழ்ச்சி பரவியதில் வியப்பில்லை.

அதே 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியுடன் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் தன் வெளிநாட்டு உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. ஆப்பிரிக்க நாடுகளில் எச்ஐவி, காசநோய், மலேரியா சிகிச்சையை நம்பியிருந்த கிராம மருத்துவ நிலையங்கள் பல இதனால் தடுமாறின. 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 61 லட்சம் சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறையாக இருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இவ்விரு செய்திகளுக்கும் தொடர்பு உண்டு என்பதே என் வாதம். 'பொதுநிலையினர்' என்ற சொல்லை நாம் எவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது அந்தத் தொடர்பு.

திருநிலைப்பாடு பெறாத, துறவற சபைகளில் சேராத இறைமக்களைக் கத்தோலிக்கத் திருச்சபை பொதுநிலையினர் என்கிறது. எண்ணிக்கையில் அவர்களே ஏறத்தாழ முழுத் திருச்சபையும். ஆனாலும், 'மிஷனரி' என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது வெள்ளை அங்கி அணிந்த குருவோ, கன்னியரோதான். மருத்துவராக, செவிலியராக, தச்சராக, கணக்கராக, தம் தொழிலையே தொண்டாகக் கொண்டு முன்பின் அறியாத மக்களிடம் சென்றவர்களின் வரலாறு குறைவாகவே பேசப்படுகிறது. 1937-இல் பெல்ஜியத்தில் யுவோன் போன்சலே என்ற பெண்மணி, மறைப்பணிகளுக்குத் துணைநிற்கும் பொதுநிலைப் பெண்களின் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனி ஆணையே வெளியிட்டது 1965-இல்தான். சட்டம் வருமுன்பே செயல் வந்துவிட்டது.

அந்தச் செயலின் மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் 1955-இல் ஒரு தொழுநோய் மையம் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் பெல்ஜியத்தைச் சேர்ந்த பொதுநிலையினர். கால் நூற்றாண்டுக் காலம் அன்றைய பெல்ஜியன் காங்கோவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய அனுபவத்தோடு இங்கு வந்தவர். அவருடன் பணியில் இணைந்த இளம் மருத்துவர் கிளேர் வெல்லட், போன்சலே தொடங்கிய அமைப்பின் உறுப்பினர்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் எளியதல்ல. நோயாளிகளோ பல்லாயிரம் பேர். அத்தனை பேரையும் விடுதிகளில் அடைக்க இடமும் இல்லை, அடைப்பது நியாயமும் இல்லை. விடுதிக்குப் போனவரை ஊர் மறந்துவிடும், குடும்பம் கைகழுவிவிடும். அந்த அச்சத்தாலேயே நோயை மறைப்பார்கள். மறைத்தால் நோய் பரவும். ஆகவே நோயாளியை மருத்துவமனைக்கு வரச்சொல்வதை விட்டு, மருத்துவமனையே நோயாளியிடம் போயிற்று. குறித்த கிழமையில், குறித்த சாலையோர மரத்தடிக்கு வண்டி வரும். மக்கள் கூடுவார்கள். பரிசோதனை நடக்கும், விலை குறைந்த டாப்சோன் மாத்திரை கிடைக்கும். மாத்திரையை வாங்கிக்கொண்டு அவரவர் தம் வயலுக்கும் வீட்டுக்கும் திரும்பிவிடுவார்கள். 'மரத்தடி மருத்துவமனை' என்று உலகம் பின்னர் பாராட்டிய முறை இதுதான். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமல் குணப்படுத்தலாம் என்று அது காட்டியது. ஹெமரிக்ஸுக்குப் பின் மையத்தின் பொறுப்பை ஏற்ற கிளேர் வெல்லட், பின்னாளில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 2013-இல் மறையும்வரை இந்த மண்ணையே தம் மண்ணாகக் கொண்டிருந்தார்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்க ஏழைகளிடையே ஒரு மருத்துவர் பெற்ற அறிவு தமிழ்நாட்டு ஏழைகளுக்குப் பயன்பட்டது. காங்கோவிலிருந்து பொலம்பாக்கத்துக்கு ஒரு கடன் வந்திருக்கிறது. அதைத் திருப்பிச் செலுத்துவது பற்றி நாம் யோசித்ததே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டமும் இத்தகைய கடன்களால் வளர்ந்த மாவட்டம்தான். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்து ஆதரவற்ற குழந்தைகளிடையே பணி தொடங்கிய மரி லூயிஸ் தெ மெஸ்டரின் சபை, இங்கிருந்துதான் பிலிப்பைன்சுக்கும் பின்னர் காங்கோவுக்கும் பரவியது. நெய்யூரில், எவரெஸ்ட் பயணங்களால் உலகப் புகழ் பெற்ற ஹோவர்ட் சாமர்வெல், லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டு வந்து அறுவை மருத்துவராக உழைத்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் தொழிலையே தொண்டாக்கியவர்களின் வரிசையில் அவருக்கும் இடமுண்டு.

இவற்றுள் எனக்கு மிகவும் பாடம் தருவது முட்டம். அங்கே பெல்ஜிய உதவியுடன் அமைந்த படகு கட்டும் மையத்தில், பொறியாளர் பியேர் ஜில்லே, அலை மோதும் கரையிலேயே இறக்கவும் ஏற்றவும் தக்க ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். வரைபடத்தைக் கொண்டுவந்து திணிப்பதால் அது நடந்துவிடவில்லை. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவர் சொன்ன குறையைக் கேட்டு, திருத்தி, மீண்டும் கடலில் விட்டுப் பார்த்து, மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை 1985-இல் அவர் நூலாக எழுதினார். 'சிறியது கடினமானது' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. சிறியதே அழகு என்ற முழக்கம் உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், களத்தில் நின்றவர் சொன்ன உண்மை அது. படகோடு கூடவே, இடைத்தரகரின் பிடியிலிருந்து விடுபட மீனவர் சங்கங்களும் இக்கடற்கரையில் வேரூன்றின. வந்தவர்கள் போய்விட்டார்கள், சங்கங்கள் நிற்கின்றன. தொண்டின் வெற்றியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. காங்கோவில் ரப்பருக்காகப் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சி நிகழ்த்திய கொடுமைகள் உலகறிந்தவை. மருந்துப் பெட்டியும் மறைநூலும் பல இடங்களில் பேரரசின் கப்பலிலேயே பயணித்தன. தனி மனிதர்களின் தியாகம் மெய். அவர்களைச் சுமந்துசென்ற அமைப்பின் அநீதியும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழித்துவிட முடியாது.

இந்தியாவிலும், சேவை என்பது மதமாற்றத்தின் தூண்டில் என்ற ஐயம் நெடுங்காலமாக எழுப்பப்படுகிறது. 1956-இல் மத்தியப் பிரதேசத்தில் நியோகி குழு அளித்த அறிக்கை முதல் இன்றைய மாநிலச் சட்டங்கள் வரை அந்த ஐயத்தின் தடத்தைக் காணலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 48.65 சதவீதமும் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதமுமாக வாழும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வெறும் ஏட்டு விவாதமல்ல; அன்றாட அமைதி சார்ந்தது. ஐயப்படுவோர் எல்லோரையும் வெறுப்பாளர் என்று ஒதுக்குவது விடையாகாது. மாத்திரை கொடுக்குமுன் மதம் கேட்கப்பட்டதா, சேவைக்கு நிபந்தனை வைக்கப்பட்டதா, கணக்கு பொதுவெளியில் உள்ளதா ஆகிய கேள்விகளுக்கு நேரான பதில் தருவதே விடை. நேர்மையான தொண்டர் இக்கேள்விகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். ஒரு காலத்தில் பெறுகின்ற இடமாக இருந்த கன்னியாகுமரி இன்று தரக்கூடிய இடமாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. எங்கள் ஊர்களில் செவிலியர், பொறியாளர், ஆசிரியர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். இங்கிருந்து குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்கிறார்கள். பொதுநிலையினரோ வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்குத் தொண்டராகச் செல்பவர் அரிதினும் அரிது.

இதற்காக இளைஞர்களைக் குறைசொல்வது அநியாயம். கல்விக் கடன் வாங்கிச் செவிலியர் படிப்பு முடித்த ஒரு பெண்ணின் முதல் சம்பளத்துக்காக ஒரு குடும்பமே காத்திருக்கிறது. துறவிக்குச் சபை சோறு போடும், முதுமையில் காப்பாற்றும். பொதுநிலைத் தொண்டருக்கு யார் இருக்கிறார்கள்? தியாகம் செய் என்று மேடையில் சொல்வது எளிது. தியாகத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மேடையில் பதில் வருவதில்லை.

வெளிநாட்டுப் பணம் அந்தச் செலவை ஏற்கும் காலமும் முடிந்துவருகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு வழங்குவதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. களப்பணியாளரின் சம்பளமே பெருஞ்செலவாக உள்ள சிறிய அமைப்புகளை இது பெரிதும் பாதித்தது. இத்திருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும், அது எழுப்பும் கேள்வியைத் தவிர்க்க முடியாது: நம் ஏழைகளுக்கான செலவை இன்னும் எத்தனை தலைமுறைக்கு அயலாரிடம் கேட்பது?

பணம் இங்கேயே இருக்கிறது. நல்ல நிலையிலிருந்த ஆலயத்தை இடித்து மேலும் பெரிதாகக் கட்டுவதையும், பத்து நாள் திருவிழாவில் ஊருக்கு ஊர் போட்டியிட்டு ஒளி விளக்கும் வாணவேடிக்கையும் அமைப்பதையும் மாவட்டம் முழுவதும் பார்க்கிறோம். வழிபாட்டுக்கு அழகு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. வாணவேடிக்கைக்கு ஆகும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினால், சில பங்குகள் சேர்ந்து ஒரு செவிலியரை இரண்டாண்டுகளுக்குக் குடும்பக் கவலையின்றி அனுப்பிவைக்க இயலும். பொதுநிலையினரின் பாதுகாவலருக்குச் சிலை வைப்பதைவிடப் பொதுநிலையினர் ஒருவரை அனுப்பிவைப்பது பொருத்தமான வணக்கமாக இருக்கும்.

அனுப்புவதற்கும் ஒழுங்கு வேண்டும். முதலாவதாக, அங்குள்ள மக்களின் அமைப்பு அழைத்தால் மட்டுமே செல்ல வேண்டும். உலகக் கத்தோலிக்கரில் 20 சதவீதத்தினர் இன்று ஆப்பிரிக்கர்கள். நம்பிக்கையைக் கற்பிக்க அங்கே நாம் தேவையில்லை. கைத்தொழிலும் மருத்துவமும் கற்றவர்கள் தேவை. இரண்டாவதாக, தொண்டர் அங்குள்ள மருத்துவருக்கோ தலைமையாசிரியருக்கோ கீழே பணியாற்ற வேண்டும். அவர்கள் மொழியைக் கற்க வேண்டும். மூன்றாவதாக, எழுத்து மூலமான ஒப்பந்தம், உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, திரும்பிவரும் உரிமை ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். நான்காவதாக, குழந்தைகளோடும் நோயாளிகளோடும் பழகுவோர்மீது புகார் எழுந்தால் விசாரிக்கச் சார்பற்ற ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். வலியவர் கையில் எளியவர் ஒப்படைக்கப்படும் இடத்தில் நல்லெண்ணம் மட்டுமே காவலாகிவிடாது. ஐந்தாவதாக, பணி என்று முடியும், யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பது தொடங்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

'உள்ளூரிலேயே துன்பம் குவிந்துகிடக்கையில் ஆப்பிரிக்கா எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2005-இல் தொழுநோய் தேசிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே. மணவிலக்குக்குத் தொழுநோயை ஒரு காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன. 2017 ஒக்கிப் புயலில் கணவரை இழந்த பெண்கள் இந்தக் கடற்கரையிலேயே வாழ்கிறார்கள். வடமாநிலங்களிலிருந்து வந்து நம் கட்டுமானப் பணிகளில் உழைப்போர் காய்ச்சலில் படுத்தால் விசாரிக்க ஆளில்லை.

ஆனால், இவை ஒன்றையொன்று விலக்கும் கடமைகள் அல்ல. பக்கத்துக் குடியிருப்பிலுள்ள தொழிலாளியின் மொழியைக் கற்க மறுப்பவர் காங்கோவிலும் யாருக்கும் பயன்பட மாட்டார். ஓராண்டு உள்ளூரில் இத்தகைய மக்களோடு பணியாற்றியவரையே கடல் கடந்து அனுப்புவது என்று விதி வகுத்தால், இரண்டு இடங்களும் பயன்பெறும். திரும்பிவருபவர் கொண்டுவரும் அறிவும் நமக்கே கிடைக்கும். பொலம்பாக்கத்தின் மரத்தடியில் நடந்தது அதுதானே!

கோட்டாறு, குழித்துறை ஆகிய இரு மறைமாவட்டங்களும் பங்குப் பேரவைகளும் கூடிப் பேசினால், முதல் குழுவில் ஐந்து பேரை அனுப்புவதற்கான நிதியை வெளியாரிடம் கையேந்தாமல் இந்த மாவட்டத்திலேயே திரட்ட முடியும். வரும் திருவிழாக் காலத்துக்கு முன்பே அந்தப் பேச்சு தொடங்கப்பட வேண்டும்.