கை கழுவாத சிஸ்டரும் நான் எழுதின புகாரும்

இதை எழுதணும்னு ஆறு மாசமா நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். காரணம் ரொம்ப சிம்பிள். இதுல அசிங்கப்படப் போறது நான்தான்.

போன வருஷம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஊர்ல கொஞ்சம் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாமே) ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சது, டாக்டர் கையெடுத்துக் கும்பிடுற அளவுக்கு நல்ல மனுஷன். ஆனா அஞ்சாம் நாள் ராத்திரி அம்மாவுக்குக் குளிர் ஜுரம். கட்டிலே ஆடுது. யூரின் கல்ச்சர் எடுத்துப் பார்த்தா சிறுநீர்ப் பாதையில இன்ஃபெக்ஷன். ஆபரேஷன் அன்னைக்குப் போட்ட யூரின் டியூப் அதுவரைக்கும் எடுக்கவே இல்ல. அந்த வாரமே வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னவங்க பதினோரு நாள் வச்சிருந்தாங்க. பில் பத்திப் பேச வேண்டாம், எனக்கு பிரஷர் ஏறிடும்.

அந்த ராத்திரிதான் நான் அதைப் பார்த்தேன். ஒரு சிஸ்டர், இருபத்து மூணு இருபத்து நாலு வயசு இருக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கு ட்ரிப்ஸ் மாத்திட்டு நேரா வந்து அம்மாவோட யூரின் பையைத் தொட்டாங்க. கை கழுவல, ஸ்டெரிலியமும் போடல. வாஷ்பேசினுக்கு மேல கலர் கலரா ஒரு போஸ்டர் வேற, எப்போ எப்போ கை கழுவணும்னு அஞ்சு படம் போட்டு. எனக்கு அந்நியன் அம்பி ஏறிட்டான். விடியற வரைக்கும் காத்திருந்து, புகார் புஸ்தகத்தைக் கேட்டு வாங்கி, நேரம், கட்டில் நம்பர், சிஸ்டர் பேர் எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இன்சார்ஜ் சிஸ்டர் வந்து மன்னிப்பு கேட்டாங்க. மறுநாள்லேர்ந்து அந்தப் பொண்ணு அந்த வார்டுல இல்ல. நான் ஏதோ நாட்டைத் திருத்திட்ட மாதிரி கேன்டீன்ல காபி குடிச்சேன்.

என் சித்தி பொண்ணு பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ், வேற ஊர்ல, வேற ஆஸ்பத்திரியில. அம்மாவைப் பார்க்க வந்தப்போ இந்த வீரக்கதையை அவகிட்ட சொன்னேன். முழுசும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அண்ணே, அன்னைக்கு நைட் டியூட்டி எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்னு நினைக்கிறேன்."

"கட்டில்?"

"இருபத்தெட்டு."

"சரி", அவ்வளவுதான். அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. பெரியம்மாவுக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுக்க ஆரம்பிச்சுட்டா. திட்டியிருந்தா கூட பரவாயில்லைனு இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன் (கணக்குல நான் கொஞ்சம் வீக், தப்பிருந்தா மன்னிக்கவும்). ஒருத்தருக்குப் பதினாலு பேஷண்ட். ராத்திரி முழுக்க ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு தடவைதான் போறாங்கன்னு வச்சுப்போம், நிஜத்துல கூடவே இருக்கும். 42 தடவை. தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஆக 84 தடவை கை சுத்தம் பண்ணணும். சோப்பு போட்டுக் கழுவ 40லேர்ந்து 60 செகண்ட் ஆகணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குறைஞ்சபட்சமா 40 வச்சாலே 56 நிமிஷம், வாஷ்பேசினுக்கு நடக்குற நேரம் தனி. ஸ்டெரிலியம் மாதிரி கையில தேய்க்குற திரவம்னா 20 செகண்ட் கணக்குல 28 நிமிஷம். அதுவும் கட்டிலுக்குக் கட்டில் பாட்டில் இருந்தாத்தான். நாங்க இருந்த வார்டுல வாசல்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதுவும் பாதி நேரம் காலி.

இந்தக் கணக்கை எனக்கு முன்னாடியே பெரிய ஆளுங்க போட்டுட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. 1997-ல வாஸ், விட்மர்னு ரெண்டு பேர் ஒரு ஐசியுவை எடுத்துக்கிட்டு, விதிப்படி ஒரு தடவை கூட விடாம எல்லாரும் சோப்பு போட்டுக் கழுவினா ஒரு பகல் ஷிப்டுல நர்சுகளோட நேரம் எவ்வளவு போகும்னு பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் சேர்த்து 16 மணி நேரம்! ரெண்டு ஆளோட முழு வேலை நேரம். கட்டில் பக்கத்துலயே தேய்க்குற திரவம் வச்சா அதுவே 3 மணி நேரம். ஜெனீவாவுல டிடியே பிட்டேங்கிற டாக்டர் இதைத்தான் செஞ்சு காட்டினார். கட்டிலுக்குக் கட்டில் பாட்டில், அதோட நிர்வாகம் மொத்தமும் சேர்ந்து ஒரு இயக்கம் மாதிரி நடத்தினாங்க. 1994-ல 48 சதவீதமா இருந்த கை சுத்தம் 1997-ல 66 ஆச்சு. ஆஸ்பத்திரியில வந்து ஒட்டிக்கிற தொற்று 16.9 சதவீதத்துலேர்ந்து 9.9-க்கு இறங்குச்சு. இதுல இன்னொரு வேடிக்கை, முன்னேறினது நர்சுகளும் உதவியாளர்களும்தான். டாக்டர்கள் கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தாங்களாம். (நான் எழுதின புகார்ல டாக்டர் கை கழுவினாரான்னு ஒரு வரி கூட இல்ல. பார்க்கணும்னே தோணல பாருங்க.)

ஆனா என்னை உலுக்கினது இதெல்லாம் இல்ல. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல நர்சிங் ஆராய்ச்சி பண்றவங்க செஞ்ச ரெண்டு ஆய்வு. முதல் ஆய்வு லிண்டா எய்க்கன் குழுவோடது, 2002-ல வந்தது. 168 ஆஸ்பத்திரி, பத்தாயிரத்துக்கும் மேல நர்சுகள், ரெண்டே கால் லட்சத்துக்கும் மேல ஆபரேஷன் பேஷண்டுகள். ஒரு நர்சுக்குக் கூடுதலா ஒரு பேஷண்டைக் கொடுத்தா, அந்த ஆஸ்பத்திரியில முப்பது நாளுக்குள்ள பேஷண்ட் இறந்துபோற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. நர்ஸ் மனசு வத்திப்போற வாய்ப்பு 23 சதவீதம் கூடுது.

ரெண்டாவது, எய்க்கனும் சேர்ந்து சிமியோட்டிங்கிறவங்க 2012-ல வெளியிட்டது. அதே மாநிலம், 161 ஆஸ்பத்திரி, ஏழாயிரத்துச் சொச்சம் நர்சுகள். இங்க கேட்ட கேள்வி நேரா என் அம்மாவோட கேள்விதான்: யூரின் இன்ஃபெக்ஷனும் ஆபரேஷன் புண்ணுல வர்ற இன்ஃபெக்ஷனும் எங்க கூடுதலா வருது? ஆள் பத்தாத இடத்துல கூடுதலா வருது. அது எதிர்பார்த்ததுதான். ஆனா நர்சுகளோட மனச்சோர்வையும் கணக்குல சேர்த்ததும், ஆள் எண்ணிக்கையோட சம்பந்தம் மங்கிப் போய், சோர்வோட சம்பந்தம் மட்டும் நிக்குது! சோர்ந்துபோன நர்சுகள் 10 சதவீதம் கூடினா ஆயிரம் பேஷண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூரின் இன்ஃபெக்ஷனும் ரெண்டு புண் இன்ஃபெக்ஷனும் கூடுதல். அந்தச் சோர்வை 30 சதவீதம் குறைச்சா வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேல தொற்றுகள் குறையும், 6 கோடியே 80 லட்சம் டாலர் வரைக்கும் மிச்சம்னு அவங்க கணக்கு. சம்பந்தம் இருக்குங்கறதாலயே அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அதை நானும் ஒத்துக்கறேன். ஆனா அந்த ஊர்ல ஒரு நர்சுக்குச் சராசரி 5.7 பேஷண்ட். நம்ம ஊர் பதினாலுக்கு என்ன கணக்கு வரும்னு யோசிச்சுக்கோங்க.

இதுல இருந்து நம்ம நிர்வாகங்கள் கத்துக்கிட்டது என்ன? நர்சுகள் சோர்வா இருக்காங்களா, சரி, யோகா வகுப்பு வை! தங்கச்சி ஆஸ்பத்திரியில 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மெண்ட்' வகுப்பு நடந்துச்சாம். என்னைக்குன்னு நினைக்கிறீங்க? நைட் டியூட்டி முடிச்சவங்களுக்குக் காலையில எட்டரை மணிக்கு. வராதவங்களுக்கு மெமோ. மே 12 வந்தா நைட்டிங்கேல் அம்மா பிறந்த நாள்னு கேக் வெட்டுவாங்க. 2020 மார்ச்ல நாமளும் பால்கனியில நின்னு தட்டைத் தட்டினோம், மே மாசம் ஹெலிகாப்டர்ல பூ கூடத் தூவினாங்க. அதுக்கு முன்னாடி 2017 நவம்பர்ல இதே தமிழ்நாட்டு அரசாங்கத்தோட ஒப்பந்த நர்சுகள் சென்னையில டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடினப்போ அவங்க சம்பளம் மாசம் 7,700 ரூபாய். தனியார்ல 50 கட்டிலுக்குக் குறைஞ்ச ஆஸ்பத்திரியில கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு, சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி 2016-லயே பரிந்துரை பண்ணிடுச்சு. பரிந்துரைக்குத் தட்டு தட்ட யாரும் இல்ல.

என்னோட கருத்தை நேராவே சொல்லிடுறேன். தொற்றுத் தடுப்புன்னா போஸ்டர், பயிற்சி, தண்டனைன்னு நாம நினைச்சிட்டு இருக்கோம். அதெல்லாம் மூணாவது நாலாவது. முதல் விஷயம் டியூட்டி சார்ட். கலிபோர்னியாவுல 1999-ல சட்டமே போட்டு, 2004-லேர்ந்து ஒரு நர்சுக்கு இத்தனை பேஷண்டுக்கு மேல கிடையாதுன்னு அமல்படுத்தினாங்க. நம்ம ஊர்ல அவ்வளவு ஆளுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. ஆள் இருக்காங்க சார், சம்பளம் பத்தாம வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போயிட்டு இருக்காங்க.

அம்மாவோட டியூப் கதையையே எடுத்துக்கோங்க. டியூப் உள்ள இருக்குற ஒவ்வொரு நாளும் சிறுநீர்ல கிருமி சேர்ற வாய்ப்பு 3லேர்ந்து 7 சதவீதம். சீக்கிரம் எடுக்குறதுதான் மருந்து. ஏன் எடுக்கலன்னு தங்கச்சிகிட்ட கேட்டேன்.

"எடுத்தா பெரியம்மாவைப் பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போறது? இடுப்பு ஆபரேஷன், ரெண்டு பேரு பிடிக்கணும். அந்த வார்டுல இருக்குறதே ரெண்டு பேரு."

ஆக அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரி நூறு தடவை கை கழுவியிருந்தாலும் அம்மாவுக்கு ஜுரம் வந்திருக்கலாம். இது எனக்கு அப்போ தெரியாது. புகார் புஸ்தகத்துல 'பணியில் இருந்த நர்சுகள் எத்தனை பேர்'னு ஒரு கட்டம் இருந்திருந்தா அதை நிரப்பும்போதாவது உறைச்சிருக்கும்.

ரெண்டு மாசம் முன்னாடி அம்மாவை செக்கப்புக்கு அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாடிக்குப் போய் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட அந்தப் பொண்ணைப் பத்தி விசாரிச்சேன். "அவங்க ரிசைன் பண்ணிட்டாங்க சார், ரொம்ப நாளாச்சு"ன்னாங்க. ஏன்னு கேட்டேன். ஃபைலைப் பார்த்துட்டே, "சொந்தக் காரணம்" அப்படின்னாங்க. புகார் புஸ்தகம் கேட்டேன், குடுத்தாங்க. என் ஒன்றரைப் பக்கம் அப்படியே இருந்துச்சு. அதுக்குக் கீழ இடம் இருந்துச்சு. அன்னைக்கு இருபத்தெட்டு கட்டிலுக்கு ரெண்டு பேர்தான் டியூட்டியில இருந்தாங்கன்னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து போட்டுட்டு வந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படிச்சாங்க. ஒண்ணும் சொல்லல.