சின்னக் காதல் பாட்டும் 28 லட்சம் பிரதிகளும்

பதினாறு வயசுப் பையன் கேட்கிற பாட்டு என்றாலே வெறும் இரைச்சல் என்று முடிவு கட்டிவிடுவது எல்லா ஊர்ப் பெரியவர்களுக்கும் சுலபம். ஜப்பானில் மோங்கோல்800 குழுவின் 'சீசானா கோய் நோ உதா' இதற்குச் சரியான பதிலடி. தமிழில் 'சின்னக் காதல் பாட்டு' எனலாம்.

ஒகினாவாவில் 1998ல், பள்ளியில் படிக்கும்போதே ஆரம்பித்த பேண்ட் அது. 2001ல் வந்த 'மெசேஜ்' ஆல்பத்தில் இருக்கிறது இந்தப் பாட்டு. பின்னால் பெரிய ரெக்கார்டு கம்பெனி எதுவும் கிடையாது. ஆனாலும் 2002ல் ஓரிகான் பட்டியலில் ஆல்பம் முதலிடம். விற்றது சுமார் 28 லட்சம் பிரதிகள்! மார்க்கெட்டிங் பாடத்தில் இதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பார்களோ...

பையன்கள் இதைக் கேட்டதோடு விடவில்லை, வாசிக்கவும் செய்தார்கள். பாதிக் காரணம் அதுதான். கிடார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர் போதும். கிடார் பிடித்துச் சில மாதமே ஆனவன்கூடத் தட்டுத்தடுமாறி கடைசி வரை வந்துவிடலாம். பள்ளிக் கலைவிழா மேடையில் குரல் பிசிறினாலும் பரவாயில்லை, கீழே நிற்கும் கூட்டத்துக்கே பாட்டு மனப்பாடம். பிடித்த பெண்ணிடம் நேரில் ஒரு வார்த்தை பேச வாய் வராத பையனுக்கு அந்தச் சில நிமிடம் சாதாரண விஷயமா?

எளிமையான பாட்டு மட்டமான பாட்டு என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2019ல் இதே பெயரில் ஒரு படமும் வந்தது. ஒகினாவாவில், அமெரிக்க ராணுவத் தளத்து வேலிக்குப் பக்கத்தில், பேண்ட் நடத்தும் பள்ளிப் பிள்ளைகள்தான் கதையே.