பூசண நஞ்சுக்குப் பொடி மட்டும் போதாது

தீவனத்தில் உள்ள பூசண நஞ்சை முறித்துவிடும் என்று சொல்லி, என்சைம் எனப்படும் நொதி கலந்த பொடிகள் விற்பனைக்கு வருகின்றன. கறவை மாடு வைத்திருக்கும் புதுக்கோட்டை மாவட்டச் சிறு விவசாயிகள் இவற்றுக்குப் பணம் கொடுக்குமுன் சற்று யோசிப்பது நல்லது.

ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பகுதிகளில் கறவை மாட்டுக்குக் கடலைப் பிண்ணாக்கே முக்கிய சத்துத் தீவனம். ஆடிப் பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் அறுவடைக்கு வருகிறது. காய் பிடிக்கும்போது வறட்சி, பறிக்கும்போது மழை என்று இரண்டும் சேர்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்துக்குக் கொண்டாட்டம். அது உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே.

எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. வேக வைத்தாலும் எளிதில் அழியாது. மாடு தின்றால், ஒரு பங்கு உருமாறிப் பாலிலும் வந்துவிடும். ஒரு கிலோ பாலில் இது 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368 மாதிரிகள் இந்த வரம்பைத் தாண்டின. தமிழகத்தில் எடுத்த 551 மாதிரிகளில் மட்டும் 88 மாதிரிகள் தாண்டியிருந்தன. இந்தப் பாலைத்தான் நம் குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

நொதிப் பொடி பயனற்றது என்பதல்ல வாதம். ஒவ்வொரு நொதியும் ஒரு குறிப்பிட்ட நஞ்சின் மேல்தான் வேலை செய்யும். மக்காச்சோளத்தில் வரும் ஃபியூமோனிசின் என்ற நஞ்சை உடைக்கும் நொதியை ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் பன்றித் தீவனத்துக்கு அனுமதித்தது. அது கடலையின் அஃப்ளாடாக்சினைத் தொடாது. அஃப்ளாடாக்சினுக்கு அங்கே 2013-ல் அனுமதி பெற்றது பென்டோனைட் என்ற களிமண். அது நஞ்சை உடைப்பதில்லை. குடலிலேயே பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றுகிறது. அதையும் வரம்புக்கு உட்பட்ட தீவனத்தில்தான் சேர்க்கலாம். கெட்ட தீவனத்தை நல்லதாக்க அல்ல என்பது அங்குள்ள விதி.

ஆகவே பொடி வாங்குவோர் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது எந்த நஞ்சுக்கு? எந்தக் கால்நடைக்கு? கறவை மாட்டுக்குக் கொடுத்துப் பாலைப் பரிசோதித்த அறிக்கை உண்டா? 'எல்லா நஞ்சுக்கும்' என்று பதில் வந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதைவிட மலிவான மருந்து களத்திலேயே இருக்கிறது. பறித்த காயை ஈர மண்ணில் குவிக்காமல் தார்ப்பாயில் பரப்பிக் காய வைக்க வேண்டும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். உடைப்பதற்கு வசதி என்று காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். சொத்தையும் சுருங்கலும் பூசணம் பிடித்ததும் செக்குக்கும் போகக் கூடாது, மாட்டுக்கும் போகக் கூடாது. பிண்ணாக்கு மூட்டையைச் சுவரோடு ஒட்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

ஆனால் பழியை எல்லாம் விவசாயி தலையில் கட்டுவதும் நியாயமல்ல. கடையில் வாங்கும் பிண்ணாக்கில் நஞ்சு இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைக்கூடம் உண்டு. ஒரு மூட்டைக்காக ஒரு மாட்டுக்காரர் அங்கே போய்வர முடியுமா? பால் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்கள் வாங்கும் பிண்ணாக்கின் மாதிரிகளைச் சேர்த்து அனுப்பி, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆலைகளும் ஒவ்வொரு வரவுக்கும் பரிசோதனைச் சீட்டுத் தர வேண்டும். அரசு மானியம் தருவதானால் முதலில் தார்ப்பாய்க்கும் பரிசோதனைக்கும் தரட்டும். பொடிக்குப் பிறகு பார்க்கலாம்.

நஞ்சை உள்ளே விட்டு முறிப்பதைவிட, வாசலிலேயே தடுப்பது செலவும் குறைவு, பாலுக்கும் நல்லது.