கல்லூரியிலும் பதிலிகள்

பதிலி என்றால் என்னவென்று சேலத்து மில் தோழருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருஷம் உழைத்தாலும் சீனியாரிட்டிப் பட்டியலில் பெயர் ஏறாது. பெயர் ஏறாதவர் மேஸ்திரி ஆவது எப்போது?

அதே முறை சர்க்கார் கல்லூரிகளிலும் நடக்கிறது. அங்கே பதிலிக்குக் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று பெயர். கௌரவம் பெயரோடு சரி. போராடிப் போராடிச் சம்பளம் 25,000 ரூபாய்க்கு வந்தது. அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பாரில்லை.

இதில் பெண்கள் பிரச்னை எங்கே வந்தது? சொல்கிறோம்.

ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுக்கும் தாயின் மகள் இன்று எம்.ஏ. படிக்கிறாள். 2021-22 மத்திய சர்க்கார் கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு வந்த பெண்களின் விகிதம் 47.3, ஆண்களின் விகிதம் 46.8. அகில இந்தியாவில் உயர்கல்வி ஆசிரியர்களில் நூற்றுக்கு 43 பேர் பெண்கள். ஆனால் தலைமை நாற்காலி? மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் ஏற்பட்டது. அதன் முதல் பெண் துணைவேந்தராகக் கல்யாணி மதிவாணன் வந்தது 2012-இல். பத்து வருஷம் பேராசிரியராக இருக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2014-இல் ஹைகோர்ட் நியமனத்தை ரத்து செய்தது. 2015-இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அந்த நியமனத்தின் அரசியலுக்குள் நாம் புகவில்லை. அந்தப் ‘பத்து வருஷம்’தான் நமக்கு வேண்டியது. 2018 யு.ஜி.சி. விதியிலும் அது வந்தது.

அனுபவம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கௌரவமாகவே காலம் தள்ளிய ஒரு பெண் 42 வயதில் நிரந்தரமாகிறாள் என்று வையுங்கள். உதவிப் பேராசிரியர் பேராசிரியராக உயர சுமார் 15 வருஷம். அப்போது வயது 57. பிறகு பத்து வருஷம், வயது 67. சர்க்கார் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் வயதோ 60! ஆணுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அவன் வேலை தேடி வேற்றூர் போகலாம். பிள்ளையையும் மாமியாரையும் பார்க்க வேண்டியவள் எங்கே போவாள்?

ஆகவே மார்ச் 8 அன்று மேடை போட்டு மாலை சூட்டினால் போதாது. காலியிடங்களை நிரந்தரமாக நிரப்பட்டும். பதிலியாக உழைத்த வருஷங்களைச் சேர்க்கட்டும். பிரசவ லீவால் ஒருநாள் சர்வீஸ்கூடக் குறையக்கூடாது. துணைவேந்தரைத் தேடும் கமிட்டியில் பெண்கள் உட்காரட்டும்.

இதைக் கேட்குமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மில் சங்கக் கமிட்டியில் ஒரே ஒரு பெண் தோழர். மினிட் எழுதுவதும் டீ ஊற்றுவதும் அவர் பொறுப்பு. சென்ற கூட்டத்தில் அவர் எழுந்து, “அடுத்த தடவை டீயை நீங்க ஊத்துங்கண்ணா, நான் பேசறேன்” என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்தது தப்பு. வரும் ஞாயிறு கூட்டத்தில் அவர்தான் முதலில் பேசுகிறார்.