மஞ்சள் கறை படிந்த ஒரு ரூபாய்

மல்லாங்கிணற்றில் இருக்கும் என் அத்தை, 1979-ல் நடந்த தன் கல்யாணத்தில் மொய்யோடு வந்த ஒற்றை ரூபாய் நோட்டு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். பேரன் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டான். மறுவாரமே அழைப்பு வந்தது. பிரதமராக இருந்தவரின் கையெழுத்துள்ள நோட்டாம். ஏழு லட்சம் தருவார்களாம். பதிவுக் கட்டணம் மட்டும் இரண்டாயிரம். அத்தை கட்டிவிட்டார். அதன்பின் அந்த எண் ஒலிக்கவேயில்லை. பழைய நோட்டு வாங்க, விற்கத் தன் பெயரால் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தது. அது அத்தையின் தெருவரை வந்து சேரவில்லை.

கையெழுத்து மெய்தான். ஒரு ரூபாய் நோட்டில் ஆளுநர் அல்ல, நிதியமைச்சகச் செயலாளரே கையெழுத்திடுவார். எழுபதுகளின் பிற்பகுதியில் அப்பதவியில் இருந்தவர் மன்மோகன் சிங். ஆனால் புகழ் வேறு, அருமை வேறு. அவை ஏராளமாக அச்சானவை. 1917 நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்தோடு வெளிவந்த முதல் ஒரு ரூபாய் நோட்டின் கதை வேறு. அதைப் பத்திரப்படுத்தியோர் சொற்பம். சேகரிப்பவர் அச்சான ஆண்டு, கையெழுத்து, எண்ணருகே உள்ள ஆங்கில எழுத்து எல்லாம் பார்த்துத்தான் விலை பேசுவார். 786 என்ற எண்ணுக்குக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு. அது நம்பிக்கைக்குத் தரும் விலை என்றே எனக்குப் படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், நோட்டின் நிலை. புழக்கத்துக்கே வராத நோட்டுக்கு ஒரு விலை. ஒருமுறை மடித்ததற்கு வேறு விலை. வங்கிகளே கட்டுகளில் கம்பி குத்திய காலத்துத் துளையை ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். (2001-ல்தான் ரிசர்வ் வங்கி அப்பழக்கத்தை நிறுத்தச் சொன்னது.) கழுவி இஸ்திரி போட்டதை மட்டும் மன்னிப்பதில்லை. சிவகாசி அச்சகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். நனைந்து காய்ந்த தாள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

மதுரையில் ஒரு கடைக்காரரிடம் அத்தையின் நோட்டைக் காட்டினேன். இருபது ரூபாய் என்றார். மஞ்சள் கறை இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுமாம். அவர் கணக்கில் பிழையில்லை. ஆயினும் கல்யாணத்தன்று படிந்த மஞ்சளைக் குறையாக எண்ணும் அந்தக் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை.

அத்தையிடம் இருபது ரூபாய் என்றேன். “அப்ப பெட்டியிலயே கெடக்கட்டும்” என்றார்.