அடுத்த வீட்டில் யார் குடியிருக்கலாம்?

தீயை அணைக்கும் நுரை ஒன்று உண்டு. இரண்டாவது உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையினர் அதைப் பயன்படுத்தினார்கள். சோயா மொச்சையில் இருந்து எடுத்த புரதச் சத்தால் செய்தது அது. கப்பலில் பற்றி எரிந்த எண்ணெய்த் தீயையும் அது அணைத்தது. மாலுமிகளின் உயிரைக் காத்தது.

அந்தச் சத்தைப் பிரித்து எடுத்தவர், பெர்சி ஜூலியன் என்ற விஞ்ஞானி. சிகாகோ நகரில் வேலை பார்த்தவர். கறுப்பு இனத்தவர். அவருடைய பாட்டனார் அடிமையாக இருந்தவர். பேரனோ படித்து, உலகம் போற்றும் மேதை ஆனார்.

1950-ம் ஆண்டு ஜூலியன் ஒரு வீடு வாங்கினார். சிகாகோவை ஒட்டி இருக்கும் ஓக் பார்க் என்ற ஊரில் வாங்கினார். அது வெள்ளையர் வாழ்ந்த ஊர். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடக்கூட அதிகாரி மறுத்தார். கோர்ட்டுக்குப் போவேன் என்று ஜூலியன் சொன்ன பிறகே தண்ணீர் வந்தது.

குடும்பம் குடிபோகும் முன்பே வீட்டுக்குத் தீ வைத்தார்கள். தீயை அணைக்க வழி கண்டவர் வீட்டுக்கே தீ!

ஜூலியன் பயந்து ஓடவில்லை. குடிபோனார். 1951-ம் ஆண்டு ஜூன் மாதம் வீட்டின் மீது வெடி வீசினார்கள். குழந்தைகளின் படுக்கை அறை ஜன்னலுக்கு வெளியே அது வெடித்தது. அப்போதும் அவர் அசையவில்லை. அக்கம்பக்கத்தில் நல்லவர்கள் சிலர் அவருக்குத் துணை நின்றார்கள். 1975-ம் ஆண்டு இறக்கும்வரை அவர் அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார்.

கோடு போட்டது யார்?

"இனம் இனத்தோடு சேரும். அது இயற்கைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சிகாகோவில் நடந்தது இயற்கை அல்ல. எழுதி வைத்துச் செய்த ஏற்பாடு.

முதல் உலகப் போர் காலத்தில் இருந்து, தென் மாநிலக் கறுப்பர்கள் பிழைப்புத் தேடிச் சிகாகோவுக்கு வந்தார்கள். இரும்பு ஆலைகளிலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உழைத்தார்கள். உழைக்க இடம் கிடைத்தது. குடியிருக்க இடம் கிடைக்கவில்லை.

வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் சேர்ந்து பத்திரம் எழுதினார்கள். "இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்க மாட்டோம். வாடகைக்கும் விட மாட்டோம்" என்று அதில் இருந்தது. 1948-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தடுக்கும்வரை, கோர்ட்டுகளே அந்தப் பத்திரங்களை நிறைவேற்றி வைத்தன!

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1930-களில் நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தார்கள். நல்ல பேட்டைகளுக்குப் பச்சை நிறம். அடுத்து நீலம், மஞ்சள். கடன் கொடுத்தால் ஆபத்து என்று கருதிய பேட்டைக்குச் சிவப்பு. கறுப்பர்கள் வாழ்ந்த இடங்களுக்குக் கிடைத்தது சிவப்பு நிறம்தான். அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று.

கடன் கிடைக்காதவன் என்ன செய்வான்? தவணை வியாபாரியிடம் போனான். வியாபாரி வீட்டை இரண்டு மடங்கு விலைக்கும் விற்றான். பத்திரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடும். அதுவரை கட்டிய பணமும் போய்விடும்!

இன்னொரு பக்கம் புரோக்கர்கள். "உங்கள் தெருவுக்குக் கறுப்பர்கள் வரப் போகிறார்கள். விலை விழுவதற்குள் விற்றுவிடுங்கள்" என்று வெள்ளையரிடம் கிளப்பிவிட்டார்கள். பயந்தவர்களிடம் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். கறுப்பரிடம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். விற்றவனும் ஏமாந்தான். வாங்கியவனும் ஏமாந்தான். கொழுத்தது நடுவில் நின்றவன்.

கல்லும் சட்டமும்

1966-ம் ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கு வந்தார். ஏழைக் கறுப்பர்கள் வாழும் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தார். கறுப்பருக்கு வீடு மறுத்த பேட்டைகளுக்கு ஊர்வலம் போனார். ஆகஸ்டு 5-ந் தேதி ஒரு கல் அவர் தலையில் விழுந்தது. கீழே சாய்ந்தவர், எழுந்து நடந்தார்.

1968 ஏப்ரல் 4-ந் தேதி கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11-ந் தேதி புதிய சட்டம் வந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்க்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

சர்க்கார் கட்டிய ஏழைகள் குடியிருப்புகளையும் கறுப்பர் பேட்டைகளிலேயே குவித்திருந்தார்கள். அதை எதிர்த்துக் குடியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு நடந்த வழக்கு 1976-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் வென்றது. அதன் பயனாக, 1998-க்குள் சுமார் 7 ஆயிரம் குடும்பங்கள் வாடகை உதவி பெற்று வேறு இடங்களுக்குப் போயின. பல குடும்பங்கள் புறநகர்களில் குடியேறின.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஒரு கூட்டத்தாரை ஆராய்ந்து பார்த்தார்கள். நகருக்குள்ளேயே தங்கியவர்களில் கல்லூரிக்குப் போனவர்கள் 21 சதவீதம். புறநகருக்குப் போனவர்களில் 54 சதவீதம்! மாறியது தெருவும் பள்ளிக்கூடமும்தான். வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. பிள்ளையின் படிப்பும் தகப்பனின் வேலையும் அதற்குள் அடங்கி இருக்கின்றன.

ஓடாத ஊர்

ஜூலியன் வாழ்ந்த ஓக் பார்க் என்ன ஆயிற்று? சிகாகோவில் பல பேட்டைகளில் வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். ஓக் பார்க் ஓடவில்லை. 1968-ம் ஆண்டே பாகுபாடு கூடாது என்று ஊர்ச் சட்டம் செய்தது. 1972-ல் ஒரு வீட்டு வசதி நிலையம் திறந்தார்கள். ஒரு தெருவில் ஒரே இனம் குவியாமல், எல்லாத் தெருவிலும் எல்லோரும் கலந்து வாழ அது வழி காட்டியது.

பயத்துக்கும் மருந்து கண்டார்கள். "உங்கள் வீட்டின் விலை விழுந்துவிட்டால், நஷ்டத்தின் பெரும் பகுதியை ஊர் ஈடு கட்டும்" என்று 1970-களின் பிற்பகுதியில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பயம் போன இடத்தில் புரோக்கரின் கதை எடுபடுமா?

இன்னும் இருக்கும் வேலை

ஆனாலும் சிகாகோ வட்டாரம் இன்றும் இனவாரியாக மிகவும் பிரிந்து கிடக்கும் அமெரிக்கப் பகுதிகளில் ஒன்றுதான். இப்போது யாரும் பத்திரம் எழுதுவது இல்லை. "வீடு காலி இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

அந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி குடும்பம் என்று சொல்லிக்கொண்டு, ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் தனித்தனியே போய் வீடு கேட்பார்கள். இவருக்கு இல்லாத வீடு அவருக்கு இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்படிச் சோதிக்கப் போய்ப் பொய்த் தகவல் பெற்றவரே வழக்குப் போடலாம் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இந்தச் சோதனை அடிக்கடி நடக்க வேண்டும்.

சர்க்காரின் வாடகை உதவி பெறுபவர் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று சிகாகோ அடங்கிய இல்லினாய் மாநிலம் சட்டம் செய்திருக்கிறது. 2023 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. நல்ல சட்டம். ஏழைக்கு அது எட்ட வேண்டும். பெரிய மனையில் தனி வீடுதான் கட்டலாம், அடுக்கு மாடி கூடாது என்று சொல்லும் புறநகர்கள் அந்த விதியைத் தளர்த்த வேண்டும். கட்டாத வீட்டில் யார் குடிபோக முடியும்?

பிரிவினை தானாக வந்தது அல்ல. மனிதர்கள் கோடு போட்டு உண்டாக்கியது. போட்ட கோட்டை மனிதர்களால் அழிக்கவும் முடியும். கதவைத் திறப்பது சட்டத்தின் வேலை. உள்ளே வந்தவரை வாழவைப்பது அடுத்த வீட்டுக்காரரின் வேலை.

ஓக் பார்க்கில் இன்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பல இனத்துப் பிள்ளைகளும் அதில் சேர்ந்து படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் பெயர்: பெர்சி ஜூலியன் பள்ளி!