யாருக்குப் போட்டீங்க ஓட்டு?

கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரம். கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "எல்லாஞ் சரிங்கண்ணா, 2024ல நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

இப்படிக் கேட்டால் 'ரகசிய வாக்கெடுப்புப்பா' என்று சிரித்து மழுப்பிவிட்டு நகர்வதுதான் நம் பழக்கம். மேடையில் எல்லாக் கட்சியையும் கிழிக்கிறவன், பூத்துக்குள்ளே போய் என்ன பண்ணினான் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டான். ஊருக்கு ஒரு நியாயம், வளவுக்கு ஒரு நியாயமா என்று கேட்கிற நாம், மேடைக்கு ஒரு வாய், பூத்துக்கு ஒரு விரல் என்று இருப்பது மட்டும் என்ன நியாயம்? ஆகவே இந்தத் தலையங்கம் ஒரு வாக்காளனின் வாக்குமூலம். இயக்கத் தீர்மானம் அல்ல. தப்பென்றால் எழுதுங்கள், போடுகிறோம்.

நமக்கு நாமக்கல் பாராளுமன்றத் தொகுதி. சங்ககிரி, ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்திவேலூர், திருச்செங்கோடு என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடக்கம். கோழிப்பண்ணை, தறிப்பட்டறை, லாரிப் பட்டறை, ரிக் வண்டி, சேகோ ஃபேக்டரி என்று பணம் புரளுகிற பூமி. 2011 சென்சஸ்படி நாமக்கல் மாவட்டத்தில் ஐந்து பேரில் ஒருவர் பட்டியல் சாதி. அதில் பெரும்பகுதி அருந்ததியர். புரளுகிற பணம் நம்ம வளவுப் பக்கம் புரண்டு வந்ததில்லை. பண்ணையில் எரு அள்ளுவது நாம். தறிக்கு முன்பணம் வாங்கிவிட்டு அதைக் கழிக்க முடியாமல் குடும்பத்தோடு மாட்டிக்கொள்வதும் நாம்தான். பள்ளிபாளையத்தில் கடன்பட்ட தறித் தொழிலாளிகளைப் பிடித்து கிட்னி வாங்கிய சேதி 2025ல் பேப்பரெல்லாம் வந்தது. உழைப்பை விற்றுத் தீர்ந்தபிறகு உடம்பை விற்கிற நிலைமை!

இந்தத் தொகுதிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2008 மறுசீரமைப்புக்கு முன்னால் இங்கே ராசிபுரம் என்ற பாராளுமன்றத் தொகுதி இருந்தது. அது தனித்தொகுதி. சட்டமன்றத்துக்கு நாமக்கல்லும் சங்ககிரியும்கூடத் தனித்தொகுதிகளாக இருந்தன. மறுசீரமைப்பில் ராசிபுரம் பாராளுமன்றத் தொகுதி காணாமல் போய், 2009லிருந்து நாமக்கல் பொதுத்தொகுதியாக வந்தது. பொது என்றால் எல்லோருக்கும் என்றுதானே அர்த்தம்? ஊர்ப் பொதுக்கிணறு, பொதுக்கோயில் எல்லாம் யாருக்குப் பொது என்று நமக்குத் தெரியாதா!

சரி, 2024க்கு வருவோம்.

தி.மு.க. கூட்டணி இந்தத் தொகுதியைக் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்குக் கொடுத்தது. சின்னம் உதயசூரியன். அந்தக் கட்சி முதலில் அறிவித்த வேட்பாளரின் பழைய பேச்சு ஒன்று வெளியே வந்தது. சாதி மாறிக் காதலித்தால் கொலைதான் என்று மிரட்டுகிற பேச்சு. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் ஆளை மாற்றி வி.எஸ். மாதேஸ்வரனை நிறுத்தினார்கள். எதிரே அ.தி.மு.க., பா.ஜ.க., நாம் தமிழர். விடுதலைச் சிறுத்தைகளும் அதே தி.மு.க. கூட்டணியில். ஆக, சிதம்பரத்தில் பானைக்கு ஓட்டுக் கேட்கிற கூட்டணி, திருச்செங்கோட்டில் கவுண்டர் கட்சிக்கு ஓட்டுக் கேட்கிறது.

திருச்செங்கோடு என்றாலே நமக்கு என்ன ஞாபகம் வரும்? 2015 ஜூன் 23. அர்த்தநாரீசுவரர் மலைக்கோயில். ஓமலூர்ப் பையன், பொறியியல் படித்த நம்ம வீட்டுப் பிள்ளை கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றான் என்பதற்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணம். தற்கொலை போல ஜோடித்துப் பார்த்தார்கள். பெற்ற தாய் விடவில்லை. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனது. வழக்கறிஞர் ப.பா. மோகன் அரசுத் தரப்பில் நின்று வாதாடினார். தீரன் சின்னமலை கவுண்டர் பேரவைத் தலைவர் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி கிடைத்தது கோர்ட்டில். எந்தக் கட்சி ஆபீசிலும் அல்ல.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு 2024 ஏப்ரல் 19 அன்று வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் பெரியம்மா.

"யாருக்குங் பெரியம்மா?" என்றேன் மெதுவாக.

"சூரியனுக்குத்தான் கண்ணு. உள் ஒதுக்கீடு குடுத்தவிங்கள்ல. எம் பேத்தி அதுலதான காலேசு போனா."

"நிக்கிறது அந்தக் கட்சி ஆளுங்களே..."

"தெரியுங் கண்ணு. தெரிஞ்சேதான் போடறேன். வேறெங்க போயிப் போட? நீயே சொல்லு."

பெரியம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அம்பேத்கரைப் படித்தவன், பத்திரிகை போடுகிறவன், பதில் இல்லாமல் நின்றேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. 2009ல் கருணாநிதி ஆட்சியில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. அதனால் படித்து வந்த பிள்ளைகள் நம் கண்முன்னே நடமாடுகிறார்கள். அந்தப் பக்கம் கேட்டால் அவர்களும் ஒரு கணக்குச் சொல்வார்கள். ராசிபுரத்தில் ஜெயித்த அருந்ததியர் தனபாலை 2012ல் சபாநாயகர் நாற்காலியில் உட்கார வைத்தது அ.தி.மு.க. 2001 இடைத்தேர்தலில் திருச்சி பொதுத்தொகுதியில் தலித் எழில்மலையை நிறுத்தி ஜெயித்ததும் அதே கட்சி. இரண்டும் நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கோகுல்ராஜ் செத்த 2015ல் அந்த ஆட்சியும் இருந்தது, அந்த நாற்காலியும் இருந்தது. 2021ல் அவிநாசியில் ஆதித்தமிழர் பேரவை அதியமானைச் சூரியனில் நிறுத்தினார்கள். எதிரே இலையில் தனபால். தனித்தொகுதியில் நம்மாளும் நம்மாளும் மோத, கொடி பிடித்தவன் எவனோ!

அப்போ நோட்டா? என் துணைவியார் அதைத்தான் அழுத்தினார். "கொலைய நியாயம் பேசுன கட்சிக்கு எங் கை போகாது" என்றார். 2013ல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த உரிமை அது. ஆனால் நோட்டா எத்தனை விழுந்தாலும் ஜெயிக்கிறவன் ஜெயிப்பான். அது கோபத்தைப் பதிவு செய்யும். அதற்கு மேல் எதையும் மாற்றாது.

புறக்கணிப்பா? 'தேர்தல் பாதை திருடர் பாதை' என்று சுவரெழுதிய காலம் உண்டு. சிறுத்தைகளும் 1999 வரைக்கும் தேர்தலைப் புறக்கணித்தவர்கள்தான். அந்த ஆண்டு திருமாவளவன் சிதம்பரத்தில் நின்றார். இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு. பதிலுக்கு நம் ஜனங்க வீடுகள் எரிந்தன. 1997ல் மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனின் தலையை வெட்டினார்கள். நம்ம ஓட்டுக்கு மதிப்பே இல்லையென்றால் எதற்கு அவ்வளவு ஆத்திரம்? அவனுக்குத் தெரிந்த அதன் விலை நமக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

நான் சூரியனை அழுத்தினேன். சொல்லிவிட்டேன். மார்ச்சில் கர்நாடகத்து பா.ஜ.க. எம்.பி. அனந்த்குமார் ஹெக்டே, 400 சீட் வந்தால் அரசியல் சட்டத்தை மாற்றலாம் என்று பேசினார். அவர் சொந்தக் கருத்து என்று கட்சி ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அந்த ஒதுங்கல் போதவில்லை. வீட்டுக்கூரையில் நெருப்புப் பற்றும்போது பக்கத்து வீட்டுக்காரனோடு இருக்கிற பகையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். செய்தது முழுச் சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கோகுல்ராஜின் முகம் அந்த மெஷினுக்கு மேலே தெரிந்தது. விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் அழுத்தினேன்.

ஆனால் தோழர்களே, என் தப்பு அந்த நொடியில் இல்லை. அதற்கு ஒரு மாசம் முன்னால் இருக்கிறது.

கூட்டணி வேட்பாளரையே மாற்ற வைத்தது எது? எதிர்ப்பு. ஓட்டுப்பதிவுக்கு முன்னாலேயே, ஒரு ஓட்டுக்கூட விழாமலே அது நடந்தது. ஆளை மாற்றியதோடு நாம் அடங்கிவிட்டோம். புதிதாக வந்தவரிடம் போய், 'ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பேசுவீர்களா? எழுதிக் கொடுங்கள்' என்று யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை. ஓட்டைப் பயந்து கொடுத்தோம், அல்லது கோபித்து எறிந்தோம். விலை பேசி யாரும் கொடுக்கவில்லை. இங்கே விலை என்றால் தெருமுனையில் கவரில் கொடுக்கிற பணம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2024ல் நாமக்கல்லில் ஜெயித்த வித்தியாசம் ஏறத்தாழ 29 ஆயிரம். 2021ல் திருச்செங்கோடு சட்டமன்றத்தில் அதே கட்சியின் ஈஸ்வரன் ஜெயித்தது 3 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். ஐந்தில் ஒருவராக இருக்கிற நாம் நினைத்தால் யாரையும் கவிழ்க்கலாம், யாரையும் ஏற்றலாம். ஆனால் நாம் ஐந்து கொடியின்கீழே நிற்கிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 'முந்தியவன் ஜெயித்தான்' என்கிற இந்தத் தேர்தல் முறையே பிரிட்டனிலிருந்து வந்ததுதான். 2024 ஜூலையில் அங்கே லேபர் கட்சி 100க்கு 34 ஓட்டுகூட வாங்காமல் 650ல் 411 சீட்டை அள்ளியது. அங்கே குடியேறிய தலித்துகளும் நம்மைப்போலத்தான் முழித்தார்கள். 2010 சமத்துவச் சட்டத்தில் லேபர் அரசு சாதியைச் சேர்க்க ஒரு கதவைத் திறந்து வைத்தது, ஆனால் உள்ளே விடவில்லை. 2013ல் பாராளுமன்றம் சேர்த்தே ஆகவேண்டும் என்றது. இந்து அமைப்புகள் எதிர்த்து நின்றன. 2018ல் கன்சர்வேட்டிவ் அரசு, சட்டத்தில் சேர்க்கப் போவதில்லை என்று கைவிரித்தது. கடல் தாண்டிய சாதி, ஓட்டுக் கணக்கையும் கூடவே கூட்டிப்போயிருக்கிறது.

பாபாசாகேப் இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டார். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த தீர்ப்பில் நமக்கு இரண்டு ஓட்டு இருந்தது. ஒன்று நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க, இன்னொன்று பொதுவில் போட. காந்தி எரவாடா ஜெயிலில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம். சீட்டு 71லிருந்து 148 ஆனது. இரட்டை ஓட்டுப் போனது. வளவு தேர்ந்தெடுக்கிற ஆள் என்பது போய், வளவிலிருந்து ஊர் தேர்ந்தெடுக்கிற ஆள் வந்தான். ஐம்பது வருசம் கழித்து 1982ல் கான்ஷிராம் அதற்கு 'சம்சா யுகம்' என்று புத்தகமே எழுதினார். நம் எம்.எல்.ஏ.க்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. அவர்களை ஜெயிக்க வைக்கிற ஓட்டு ஊரில் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

போன ஓட்டு திரும்பாது. இருக்கிற ஒரு ஓட்டை எப்படிப் போடுவது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தேர்தல் எப்போது வந்தாலும், கட்சிகள் நம்மைத் தேடி வருவதற்கு முன்னால் நம் வளவுகள் ஒன்றாக உட்கார வேண்டும். அருந்ததியர், பறையர், பள்ளர் எல்லோரும். உள் ஒதுக்கீட்டுச் சண்டையை வெளியில் வைத்துவிட்டு ஒரே ஒருநாள் உட்கார்ந்தால் போதும். மூன்று கேள்வியை எழுதி எல்லா வேட்பாளரிடமும் கொடுப்போம். ஒன்று, ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் வெட்டப்பட்ட பிறகு, அக்டோபரில் நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். ஆணையம் சட்டமாகி நடைமுறைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். இரண்டு, தறி முன்பணக் கொத்தடிமைக்கு முடிவு. மூன்று, பொதுத்தொகுதியில் நம் ஆளை நிறுத்துவீர்களா? 2021ல் திருப்போரூரில் சிறுத்தைகள் நின்று ஜெயித்துக் காட்டியிருக்கிறார்கள். நாமக்கல்லில் ஏன் முடியாது?

கையெழுத்துப் போடுகிறவன் யார், நழுவுகிறவன் யார் என்று நோட்டீஸ் அடித்து வளவு வளவாக ஒட்டுவோம். அதற்கப்புறம் அவரவர் விரல், அவரவர் மனசாட்சி. பெரியம்மா சூரியனுக்குப் போடட்டும், துணைவியார் நோட்டாவுக்குப் போடட்டும். ஆனால் யாரும் ஒன்றும் கேட்காமல் போடக்கூடாது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை 'யாருக்குப் போட்டீங்க' என்று கேட்காதே. 'என்ன கேட்டுப் போட்டீங்க' என்று கேள். அன்றைக்கு நான் முழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.